சூளைக்கு முன்

எங்கள் ஊரில் பீங்கான் பட்டறை வைத்திருப்பவர்களுக்குச் சூளையைப் பற்றிய அச்சம் எப்போதும் உண்டு. நெய்வேலிச் சுரங்கப் பகுதியிலிருந்து வரும் வெண்களிமண்ணைக் குழம்பாகக் கரைத்து, பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் அச்சில் வார்க்கிறோம். அச்சு நீரை உறிஞ்சிய பின் பாண்டத்தை மெல்ல எடுத்து நிழலில் உலர்த்துகிறோம். அந்த நிலையில் அதில் கீறல் விழுந்தாலும் கவலையில்லை. உடைத்துத் தொட்டியில் போட்டுவிட்டால் மறுநாள் மீண்டும் குழம்பாகிவிடும். சூளைக்குள் சென்று, ஆயிரம் டிகிரிக்கு மேற்பட்ட வெப்பத்தில் வெந்து வெளிவந்துவிட்டாலோ, எத்தனை குடம் நீர் ஊற்றினாலும் அது மண்ணாகாது. கீறல் கீறலாகவே நிற்கும்.

விருத்தாசலத்தில் நாற்பது ஆண்டுகளாக அகல் விளக்கும் பொம்மையும் வார்த்து வாழ்ந்துவரும் கணவன் மனைவி நாங்கள். மண்ணுக்குக் காட்டிய பொறுமையைப் பெற்ற பிள்ளைக்குக் காட்டினோமா என்னும் கேள்வி, 2025ஆம் ஆண்டு டிசம்பர் 10ஆம் நாள், சென்னை எழும்பூரில் ஒரு விளையாட்டரங்கில் அமர்ந்திருந்தபோது எங்களைப் பற்றிக்கொண்டது. அதனை மறைக்காமல் இங்கே எழுதிவைக்க விரும்புகிறோம்.

அன்று மேயர் இராதாகிருஷ்ணன் விளையாட்டரங்கில் நடைபெற்றது ஆடவர் இளையோர் உலகக் கோப்பை ஹாக்கியின் நிறைவு நாள் ஆட்டம். 21 வயதுக்கு உட்பட்டவர்களுக்கான இப்போட்டி தமிழ்நாட்டில் நடந்தது அதுவே முதன்முறை. சென்னையிலும் மதுரையிலுமாக நவம்பர் 28 முதல் நடந்த அப்போட்டியில் 24 நாடுகள் பங்கேற்றன. அத்தனை நாடுகள் இதற்கு முன் எந்த இளையோர் உலகக் கோப்பையிலும் ஆடியதில்லை. குஜராத் மாநிலம் மோர்பியில் ஓடு தயாரிக்கும் ஆலையொன்றில் பணிபுரியும் எங்கள் மூத்த மகன் விடுப்பில் வந்திருந்தான். கார்த்திகைத் தீபம் அந்த ஆண்டு டிசம்பர் 3ஆம் நாளே முடிந்துவிட்டதால் எங்களுக்கும் ஓய்வு. “எழும்பூரில் இறங்கினால் நடந்தே போய்விடலாம், வாருங்கள்” என்று அவன் அழைத்தபோது நாங்கள் இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம். அந்த அழைப்புக்கு 29 ஆண்டு வயது என்பது எங்கள் மூவருக்கும் தெரியும்.

1996ஆம் ஆண்டு அவன் மேல்நிலை இரண்டாம் ஆண்டு மாணவன். அந்நாளில் எங்கள் மாவட்டத்துக்குத் தென்னார்க்காடு வள்ளலார் மாவட்டம் என்று பெயர். பள்ளியில் புல்லில்லாத கட்டாந்தரை மைதானத்தில் பத்துப் பன்னிரண்டு மட்டைகளை வைத்துக்கொண்டு ஹாக்கி ஆடுவார்கள். பந்து கல்லில் பட்டு முழங்காலுக்கு எழும்பும். அவன் கால்களில் காயமில்லாத நாளே இல்லை. தமிழ்ப் பெற்றோருக்குப் பூனாவில் பிறந்து இந்திய அணியில் ஆடிக்கொண்டிருந்த தன்ராஜ் பிள்ளையின் படத்தை நாளிதழிலிருந்து வெட்டி, கணக்குக் குறிப்பேட்டின் உள்ளட்டையில் ஒட்டிவைத்திருந்தான்.

ஐப்பசி மாதத்தில் ஒரு நாள் மாலை, மாவட்ட இளையோர் அணித் தேர்வுக்குத் தன் பெயரும் அனுப்பப்பட்டிருப்பதாகவும், மூன்று நாள் கடலூரில் தங்க வேண்டும் என்றும் சொன்னான். அப்போது பட்டறையில் கார்த்திகைக்கான அகல் விளக்குகள் வரிசையாக உலர்ந்துகொண்டிருந்தன. வேலையாட்களில் இருவர் காய்ச்சலில் படுத்திருந்தனர். வியாபாரி முன்பணம் கொடுத்திருந்தார். “மூன்று நாள் வேலை கெட்டுப்போகும், அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்” என்றோம். அவன் ஒரு முறைதான் கேட்டான். அதன்பின் அச்சுகளைப் பிரித்து அடுக்கத் தொடங்கிவிட்டான். அந்த ஆண்டு விளக்குகள் குறித்த நாளில் போய்ச் சேர்ந்தன.

அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று சொன்னோமே, இளையோர் ஆட்டத்தில் அந்த ‘அப்புறம்’ கிடையாது என்பதை நாங்கள் அறியவில்லை. வயது வரம்பு என்னும் கதவு யாருக்காகவும் காத்திருப்பதில்லை. மறு ஆண்டு அவன் செராமிக் தொழில்நுட்பப் பட்டயப் படிப்பில் சேர்ந்தான். மட்டை பரணுக்குப் போயிற்று. அவன் மோர்பிக்குப் பணிக்குச் சென்ற பிறகு அது பரணிலும் இருக்கவில்லை. அதைப் பின்னர் சொல்கிறோம்.

ஆடவில்லையே தவிர, ஆட்டத்தை அவன் விட்டுவிடவில்லை என்பது எங்களுக்குப் பல ஆண்டுகள் கழித்தே புரிந்தது. எங்கள் குடும்பத்தில் பிறந்த நாள், திருமண நாள் போலவே இளையோர் உலகக் கோப்பை நடந்த ஆண்டுகளும் அவன் நினைவில் வரிசையாக இருந்தன. சென்னைக்கு ரயிலில் செல்லும்போது அவற்றை எங்களுக்கு ஒப்புவித்தான். முதல் போட்டி 1979இல் பிரான்சு நாட்டு வெர்சாய் நகரில் நடந்தது. வென்றது பாகிஸ்தான். அதற்கடுத்து 1982, 1985, 1989, 1993 என நான்கு முறையும் ஜெர்மனி. தேர்வுக்கு அவன் செல்லாமற்போன மறு ஆண்டான 1997இல், இங்கிலாந்தின் மில்டன் கீன்ஸ் நகரில் இந்தியா இறுதி ஆட்டம் வரை சென்று, ஆஸ்திரேலியாவிடம் 2-3 என்று தோற்றது. அந்தச் செய்தி வந்த நாளிதழை அவன் யாருக்கும் காட்டாமல் மடித்து வைத்திருந்தானாம்.

2001இல் ஆஸ்திரேலியாவின் ஹோபர்ட் நகரில் இந்தியா முதன்முதலாக இக்கோப்பையை வென்றது. இறுதி ஆட்டத்தில் அர்ஜென்டினாவுக்கு எதிராக 6-1 என்று பெரும் வெற்றி. அன்று மோர்பியில் ஒரு தொலைபேசி நிலையத்திலிருந்து அவன் எங்கள் பக்கத்து வீட்டுக்கு அழைத்தது நினைவிருக்கிறது. சாப்பிட்டாயா, சம்பளம் வந்ததா என்று நாங்கள் கேட்டோம். “இந்தியா ஜெயித்துவிட்டது” என்றான். எதில் என்று கேட்டோம். சற்று நேரம் மௌனமாக இருந்துவிட்டு, “ஒன்றுமில்லை” என்று வைத்துவிட்டான்.

அதன்பின் 15 ஆண்டுகள் கோப்பை கிடைக்கவில்லை. 2013இல் புதுதில்லியில், சொந்த மண்ணில் ஆடியும் இந்தியா பத்தாம் இடத்துக்குப் போயிற்று. 2016இல் இலக்னோவில் பெல்ஜியத்தை 2-1 என வென்று இரண்டாம் முறை கோப்பையைப் பெற்றது. அந்த இறுதி ஆட்டத்தில் ஒரு கோலை அடித்த சிம்ரன்ஜீத் சிங், ஐந்தாண்டுகளுக்குப் பின் 2021இல் டோக்கியோ ஒலிம்பிக்கில் வெண்கலத்துக்கான ஆட்டத்தில் ஜெர்மனிக்கு எதிராக இரண்டு கோல்களை அடித்தார். தமிழகத்தைச் சேர்ந்த வாசுதேவன் பாஸ்கரன் தலைமையில் 1980இல் மாஸ்கோவில் தங்கம் பெற்ற பின்னர், 41 ஆண்டுகள் ஒலிம்பிக் பதக்கமே இல்லாதிருந்த நாட்டுக்கு அவ்வாறு பதக்கம் வந்தது. பெரியவர்களின் வெற்றி வந்த வழியில் பதினெட்டு, பத்தொன்பது வயதுப் பிள்ளைகளை மைதானத்துக்கு அனுப்பிவைத்த வீடுகள் பல இருந்தன.

அந்த வீடுகளை எண்ணும்போதுதான் எங்கள் மனம் கூசுகிறது. 2025இல் இந்திய இளையோர் அணிக்குப் பயிற்சியாளராக இருந்த ஸ்ரீஜேஷ், கேரளத்தில் ஒரு வேளாண் குடும்பத்தில் பிறந்தவர். அவர் சிறுவனாக இருந்தபோது, கோல் காப்பாளருக்குரிய காலுறைப் பட்டைகளை வாங்குவதற்காக அவருடைய தந்தை வீட்டுப் பசுவை விற்றார் என்பது பலரும் அறிந்த செய்தி. பால் தரும் பசுவைவிட, மகன் பந்தைத் தடுக்கும் ஆட்டம் பெரிதென்று அந்த மனிதருக்கு எப்படித் தோன்றியது? நாங்கள் மூன்று நாள் வேலையைக்கூட விட்டுக்கொடுக்கவில்லை.

வசதியுள்ள ஊர்களுக்கே இது பொருந்தும் என்று சொல்லித் தப்பிக்கவும் வழியில்லை. தீப்பெட்டித் தொழிலுக்கும் கடலைமிட்டாய்க்கும் பெயர்பெற்ற கோவில்பட்டி, எங்கள் ஊரைப் போலவே சிறு பட்டறைகளை நம்பிப் பிழைக்கும் ஊர். அங்கே தலைமுறை தலைமுறையாகப் பிள்ளைகள் ஹாக்கி ஆடுகிறார்கள். 2021 டிசம்பரிலும் 2022 மே மாதத்திலும் தேசிய இளையோர் ஆடவர் போட்டிகள் அவ்வூரிலேயே நடந்தன. அவ்வூர் மாரீஸ்வரன் சக்திவேலும், அங்கே பயிற்சி பெற்ற கார்த்தி செல்வமும் 2022இல் ஜகார்த்தாவில் ஆசியக் கோப்பையில் இந்தியாவுக்கு ஆடி வெண்கலம் பெற்றார்கள். பாகிஸ்தானுக்கு எதிரான ஆட்டத்தில் இந்தியாவின் கோலை அடித்தவர் கார்த்தி. அவருடைய சொந்த ஊர் அரியலூர். விருத்தாசலத்தில் ரயிலேறினால் ஒரு மணி நேரத்துக்குள் சென்றுவிடலாம். ஆக, தொலைவு ஒரு தடையாக இருந்ததில்லை.

பயணத்தின்போது மகன் வேறொரு செய்தியும் சொன்னான். கனடாவில் குடியேறிய எங்கள் உறவினர் வீட்டுப் பையன் பனிக்கட்டித் தளத்தில் சறுக்கிக்கொண்டு ஆடும் ஹாக்கி பழகுகிறானாம். நம் ஊரில் புல்தரை எப்படியோ அங்கே பனித்தளம் அப்படி. வட்டாரத்துக்கு ஓர் இளையோர் லீக் என மூன்று பெரிய லீக்குகள் இருக்கின்றன. அவற்றின் வாகையர் மூவரும், போட்டியை நடத்தும் ஊரின் அணியும் ஆண்டுதோறும் மோதுவது மெமோரியல் கோப்பைக்காக. 2025இல் அதை வென்றது ஒன்டாரியோ மாநிலத்து இலண்டன் நகர அணி.

அந்தக் கோப்பையின் பெயர்க் காரணம் எங்களைத் தொட்டது. முதல் உலகப் போரில் உயிர்நீத்த கனடா நாட்டு இளைஞர்களின் நினைவாக 1919இல் அது ஏற்படுத்தப்பட்டது. அவ்வாண்டு முதன்முதலாக அதை வென்றது டொராண்டோவின் ஒரு பள்ளி அணி. போருக்குச் சென்று திரும்பாத பிள்ளைகளுக்குப் பெற்றோரும் பெரியோரும் செய்யக்கூடியது என்ன? கல்லில் பெயர் பொறிக்கலாம்; அதுவும் செய்தார்கள். கூடவே, உயிரோடிருக்கும் பிள்ளைகள் ஆடுவதற்கு ஒரு கோப்பையையும் வைத்தார்கள். இளமை எவ்வளவு விரைவில் போய்விடும் என்பதை அறிந்த மக்கள் அதை ஆடவிட்டுக் கொண்டாடியது எங்களுக்குப் பெரும் பாடமாகப் பட்டது.

எழும்பூர் அரங்கில் முதலில் வெண்கலத்துக்கான ஆட்டம். மூன்று நாளுக்கு முன் அரையிறுதியில் ஜெர்மனியிடம் 1-5 என்று தோற்றிருந்த இந்தியப் பிள்ளைகள் அர்ஜென்டினாவைச் சந்தித்தார்கள். இதற்கு முந்திய 2021, 2023 ஆகிய இரண்டு போட்டிகளிலும் இந்தியா நான்காம் இடத்தில் நின்றுபோன அணி. அன்றும் ஆட்டம் தொடங்கிய சில நிமிடங்களிலேயே அர்ஜென்டினா ஒரு கோல் போட்டது. பிறகு மற்றொன்று. பதினைந்து பதினைந்து நிமிடங்களான நான்கு பகுதிகளில் மூன்று முடிந்தபோது 0-2. எங்களைச் சுற்றியிருந்த சிலர் பைகளை எடுத்துக்கொண்டு எழுந்தார்கள். “நாமும் போகலாமா? கூட்டத்தில் சிக்கிக்கொள்வோம்” என்று கேட்டோம். மகன் மைதானத்திலிருந்து கண்ணை எடுக்காமல், “இன்னும் நேரம் இருக்கிறது” என்றான்.

நாங்கள் அவனைப் பார்த்தோம். நாற்பத்தாறு வயது, காதோரம் நரை. நீர் தெளிக்கப்பட்ட அந்த நீலத் தளத்தில் ஓடும் பிள்ளைகளைப் பார்க்கும்போது அவன் முகத்தில் பதினேழு வயது தெரிந்தது. பந்து வலப்பக்கம் போனால் அவன் தோளும் வலப்பக்கம் சாய்ந்தது. மடியில் இருந்த கைகள் இல்லாத மட்டை ஒன்றைப் பிடித்துக்கொண்டிருந்தன.

ஆட்டம் முடிய 11 நிமிடங்கள் இருக்கையில் அங்கித் பால் பந்தின் போக்கை மாற்றிவிட்டு முதல் கோலைப் பெற்றுத்தந்தார். மூன்று நிமிடங்களில் மன்மீத் சிங் அடுத்ததைச் சேர்த்தார். 2-2. போகப் புறப்பட்டவர்கள் படியிலேயே நின்றுவிட்டார்கள். பெனால்டி ஸ்ட்ரோக்கில் சாரதானந்த திவாரியும், பெனால்டி கார்னரில் அன்மோல் எக்காவும் அடுத்தடுத்து அடித்தார்கள். 4-2. இரண்டு நாள் முன்புவரை தோற்றவர்கள் என்று ஏசப்பட்ட பிள்ளைகள் ஒருவர் மேல் ஒருவர் விழுந்து அழுதார்கள். மகன் கைதட்டவில்லை. இரு கைகளாலும் முகத்தை மூடிக்கொண்டிருந்தான். நாங்கள் இருபுறமும் அமர்ந்திருந்தோம், ஒன்றும் சொல்லவில்லை.

அதன்பின் நடந்த இறுதி ஆட்டத்தில் ஜெர்மனியும் ஸ்பெயினும் 1-1 என்று சமநிலையில் நின்றன. ஷூட் அவுட் முறையில் 3-2 என வென்று, ஜெர்மனி எட்டாம் முறையாகக் கோப்பையைப் பெற்றது. இந்தப் போட்டி அதுவரை நடந்ததே 14 முறைதான். அவற்றில் எட்டு ஒரே நாட்டுக்கு! ஆயினும், ஜெர்மனிக்கு எட்டு முறையும் கோப்பை வாங்கித் தந்தவர்கள் பெரும்பாலும் வெவ்வேறு பிள்ளைகள். பெரியவர்களின் அணியில் ஒருவர் பத்து, பதினைந்து ஆண்டுகள் நீடிக்கலாம். இளையோர் அணியோ சில ஆண்டுகளில் முற்றிலும் மாறிவிடும். பட்டியலில் நாட்டின் பெயர் நிற்கும், ஆடியவர்கள் வளர்ந்து போய்விடுவார்கள். ஆகவே, ஒவ்வொரு முறையும் எங்கோ சில வீடுகளில் புதிதாக ஒரு தாயும் தந்தையும் “போய் வா” என்று சொல்லியிருக்க வேண்டும். அந்தச் சொல் கோப்பையில் பொறிக்கப்படுவதில்லை. அது இல்லாமல் கோப்பையும் இல்லை.

இரவு ரயிலில் கூட்டம் குறைந்த பின் மகன் பேசினான். அவனுடைய மகள் பத்தாம் வகுப்புப் படிக்கிறாள். பள்ளிக் கைப்பந்து அணிக்குத் தேர்வாகியிருக்கிறாள். வெளியூரில் போட்டி, பொதுத்தேர்வு நெருங்குகிறது என்று அவன் மறுத்துவிட்டு வந்திருக்கிறான். “அவளும் ஒரு முறைதான் கேட்டாள்” என்றான். பிறகு, “நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?” என்று கேட்டான்.

எங்களுக்கு உடனே வாய் வரவில்லை. அந்தக் கேள்விக்கு விடை சொல்லும் உரிமையை நாங்கள் 1996லேயே இழந்துவிட்டோம் என்று தோன்றியது. அவனோ உண்மையாகவே கேட்டான், குத்திக்காட்டுவதற்காகக் கேட்கவில்லை. “எத்தனை நாள்?” என்றோம். “மூன்று நாள்” என்றான். திண்டிவனம் தாண்டும் வரை யாரும் பேசவில்லை. “மூன்று நாள்தானே, அனுப்பிவிடு” என்று சொல்லிவிட்டு, அன்று உன்னை அனுப்பாதது எங்கள் தவறு என்றும் சொன்னோம். ஒரே வாக்கியம். அதைச் சொல்ல எங்களுக்கு 29 ஆண்டுகள் ஆயின. அவன் தலையசைத்தான். மன்னித்தேன் என்று சொல்லவில்லை; நாங்களும் அதை எதிர்பார்க்கவில்லை.

சற்று நேரம் கழித்து, “என் மட்டை பரணில் இருக்கிறதா?” என்று கேட்டான். அதையும் சொல்ல வேண்டியதாயிற்று. அவன் மோர்பிக்குச் சென்ற பின், களிமண் குழம்பைக் கலக்கும் கழி ஒன்று முறிந்துபோன நாளில், கைக்கு அகப்பட்டது என்று அந்த மட்டையை எடுத்தோம். வளைந்த முனை தொட்டியின் அடிவரை சென்று மண்ணைக் கிளறிவிட வசதியாக இருந்தது. அன்று முதல் அது தொட்டியருகே நிற்கிறது. இவ்வளவையும் கேட்டுவிட்டு அவன் சிரித்தான். அழுகைக்குப் பக்கத்தில் இருந்த சிரிப்பு. “பரவாயில்லை, சும்மா கிடக்காமல் ஆடிக்கொண்டுதான் இருந்திருக்கிறது” என்றான்.

நாங்கள் சூளையைத் திறந்து எத்தனையோ கீறல் விழுந்த பாண்டங்களை வெளியே எடுத்திருக்கிறோம். வெந்த பிறகு வருந்துவதில் பயனில்லை என்று தொழில் கற்றுத்தந்திருக்கிறது. ஆனால் பச்சையாக இருக்கும் இன்னொன்றை ஒழுங்காக உலர்த்தலாம். எங்கள் பேத்தி இன்னும் பச்சைப் பாண்டம். அவள் ஆடித் தோற்றாலும் அது கரைந்து மறையும் கீறலே; ஆடவிடாமல் நாம் உண்டாக்குவதுதான் நிலைத்து நிற்கும். பிள்ளைகள் உள்ள வீட்டார் அனைவரும் இதை எங்களைவிடச் சற்று முன்னதாக அறிந்துகொள்ள வேண்டும் என்பதே எங்கள் ஆசை.

மறுநாள் காலை மகன் மட்டையைத் தொட்டியிலிருந்து எடுத்துக் குழாயடியில் வைத்துத் தேய்த்தான். இருபது ஆண்டு மண் எளிதில் போகவில்லை. மரத்தின் வரிகளுக்குள் வெள்ளை நின்றுவிட்டது. வெயிலில் சுவரோரம் சாய்த்து வைத்து, மோர்பிக்குத் தொலைபேசியில் அழைத்து மகளிடம் பேசினான். ஊருக்குப் புறப்படும் முன், கொல்லைப்புறம் சென்று நல்ல மூங்கில் கழி ஒன்றை வெட்டி, கணு சீவி, தொட்டியருகே வைத்துவிட்டுப் போனான். இப்போது அதைக்கொண்டுதான் குழம்பைக் கலக்குகிறோம்.